பதினாலு பி நிற்காத நிறுத்தம்

ஜூலை 5, சனி

இன்று முதல் நான் ஒரு தலைவர். சட்டையில் குத்திய அட்டை அப்படித்தான் சொல்கிறது: 'கௌசிகா, பதினோராம் வகுப்பு, இளம் தலைவர்.' காலையில் எங்களைத் தலைவர்களாக உருவாக்கத் தொடங்கினார்கள். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

ஏதோ ஒரு டிரஸ்ட் எங்கள் பள்ளியில் நடத்தும் 'குடிமை உரிமை மற்றும் தலைமைப் பண்புப் பயிற்சி' இது. இனி எல்லாச் சனிக்கிழமையும் வர வேண்டும். பயிற்சியாளர் எட்வின் சார். ஜிப்பா, ஜோல்னாப் பை, பைக்குள் ஸ்கெட்ச் பேனாக்கள். எதற்கெடுத்தாலும் மழைக் கைதட்டல் தட்டச் சொல்கிறார். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு, கடைசியில் முழுக் கை. தூறல் அடைமழை ஆகுமாம். சமத்துவம் என்றால் என்ன என்று கேட்டார். ஒருவன் எழுந்து "ஈக்குவல் சார்" என்றான். அடைமழை.

என்னைத் தேர்ந்தெடுத்தது வகுப்பு டீச்சர். "ஒனக்குத்தான் வாய் இருக்குல்ல, போ. அங்கயாவது பிரயோஜனப்படட்டும்."

நாட்குறிப்பு எழுதுவதும் பயிற்சியில் ஒரு பகுதி. "உங்க உணர்வுகள எழுதுங்க, யாரும் படிக்க மாட்டாங்க" என்றார் சார்.

உணர்வு: பசி. இரண்டு பிஸ்கட்தான் கொடுத்தார்கள்.

ஜூலை 6, ஞாயிறு

உணர்வு எதுவும் இல்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 12, சனி

மூன்று பேருக்கு ஒரு குழு. என் குழுவில் முகிலனும் சுகிர்தாவும்.

முகிலன் டவுன்காரன். கலெக்டர் ஆகப்போவதாக ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவன். கையெழுத்தை இப்போதே பச்சை மையில் போடுகிறான். சுகிர்தா எங்கள் மருதங்காட்டுப் பக்கம்தான். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காலனி. இரண்டு வருடமாக ஒரே வகுப்பு. பேசிக்கொண்டதில்லை. சந்தர்ப்பம் அமையவில்லை.

எங்களுக்குக் கொடுத்த வேலை: சுற்றுப்புறத்தில் மறுக்கப்படும் ஒரு உரிமையைக் கண்டுபிடித்து, ஆதாரம் திரட்டி, பொறுப்பான அதிகாரியிடம் கேள்வி கேட்க வேண்டும். அதற்காகப் பள்ளி ஹாலில் 'மக்கள் மன்றம்' கூட்டுவார்களாம்.

"பிளாஸ்டிக்" என்றான் முகிலன்.

"பிளாஸ்டிக்குக்கு யாரு என்ன உரிமைய மறுத்தா?" என்று கேட்டேன். அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

அப்போது சுகிர்தா, மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்க ஸ்டாப்புல பஸ் நிக்காது."

"எந்த பஸ்?"

"காலைல வர்ற பதினாலு பி. மருதங்காட்டுல ஆள ஏத்திட்டு எங்களத் தாண்டிப் போயிரும். பைபாஸ் வரைக்கும் நடந்து போயி வேற பஸ் பிடிக்கணும். டெய்லி லேட்டு. டெய்லி வெயில்ல நிப்பாட்டுவாங்க."

முகிலனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நல்ல அநியாயமாகக் கிடைத்துவிட்டதே. "டிரைவர் கண்டக்டர் யாருன்னு தெரியுமா?"

சுகிர்தா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவள் எவ்வளவு சிரமப்பட்டாள் என்பது நன்றாகத் தெரிந்தது. "தெரியல" என்றாள்.

பதினாலு பியின் கண்டக்டர் ரத்தினவேல், என் அப்பா. யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். அந்த பஸ்ஸில்தான் தினமும் பள்ளிக்கு வருகிறேன். வலது பக்க ஜன்னலோரம் உட்காருவேன். காலனி ஸ்டாப் இடது பக்கம். வலது பக்கம் காற்று நன்றாக வரும், அதனால்தான்.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவுக்கு ஓய்வு நாள். அவருடைய காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, பொது அறிவுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏம்ப்பா, காலனியில இருக்கிறது ஸ்டாப்புதானா?"

"போர்டு இருக்குல்ல."

"அப்ப பஸ்ஸு நிக்கணும்ல?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "பிரேக்கு டிரைவரு கால்ல இருக்கு. என்கிட்ட இருக்கிறது விசிலு."

ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் போகும். இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டி காலரில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டது. காக்கி என்பதால் தெரியாது.

ஜூலை 15, செவ்வாய்

முகிலன் என்னை 'ஆதார சேகரிப்பாளர்' ஆக்கியிருக்கிறான். பஸ்ஸுக்குள்ளிருந்து வீடியோ எடுக்க வேண்டும். அம்மாவின் போனில் எடுத்தேன். காலனி வரும்போது என் கட்டைவிரல் கேமராவின் மேல் இருந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு.

இரண்டு விசில் சத்தம் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அழித்துவிட்டேன். போனில் இடம் இல்லை.

ஜூலை 19, சனி

இன்று நாடகப் பயிற்சி. பாதிப் பேர் ஒடுக்குபவர்கள், பாதிப் பேர் ஒடுக்கப்பட்டவர்கள். டீக்குப் பிறகு மாற்றிக்கொண்டோம். இவ்வளவு சுலபமான வேலையை வெளியே ஏன் இத்தனை நாளாக இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

கை கழுவும் இடத்தில் சுகிர்தா வந்தாள். "வீடியோ வரலையாமே."

"ஆமா. போன் சரியில்ல."

"அப்ப வீடியோ வேணாம். ஒரு நாள் எங்க ஸ்டாப்புல வந்து நில்லு. நீயே பாரு."

"முகிலன்ட்ட ஏன் சொல்லல, எங்க அப்பான்னு?"

குழாயை மூடினாள். "அத நீதான சொல்லணும்."

ஜூலை 21, திங்கள்

நின்றேன். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, சீக்கிரமே கிளம்பிக் காலனிக்கு நடந்தேன்.

எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய நிழற்குடை இருக்கிறது, போர்டு இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. பஸ் தவிர எல்லா வசதியும் செய்து கொடுத்திருக்கிறார்கள். சீருடையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒரு அக்கா. பஸ் தூரத்தில் தெரிந்தபோது யாரும் கை காட்டவில்லை. பாதிப் பேர் பையை மாட்டிக்கொண்டு பைபாஸ் பக்கம் நடக்கவே தொடங்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு விசில். பஸ் நின்றது.

படியில் அப்பா நின்றார். என்னைப் பார்த்தார். நான் நிழற்குடையில் எம்.எல்.ஏ. பெயரை வாசித்தேன். நடக்கத் தொடங்கியவர்கள் திரும்பி ஓடி வந்து ஏறினார்கள்.

உள்ளே வந்த பிறகு, "பாத்தியா, நின்னுச்சுல்ல" என்றேன்.

"உனக்காக நின்னுச்சு" என்றாள் சுகிர்தா.

ஜூலை 22, செவ்வாய்

எங்கள் ஊரிலேயே ஏறினேன். காலனி வந்தது. இரண்டு விசில்.

இன்று இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கமும் காற்று வரத்தான் செய்கிறது.

ஜூலை 25, வெள்ளி

மூன்று நாளாகக் காலனியில்தான் ஏறுகிறேன். அரசாங்கம் போர்டு வைத்தும் நிற்காத பஸ், நான் பையோடு நின்றால் நிற்கிறது. என் கழுத்தில் ஒரு போர்டை மாட்டிவிட்டால் ஒவ்வொரு ஊராகப் போய் நின்று வருவேன்.

வீட்டில் அப்பா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்பது பற்றி மட்டும் நிறையப் பேசினோம்.

ஜூலை 27, ஞாயிறு

சொசைட்டி தங்கராசு வீட்டுக்கு வந்தார். ஊர்க் கூட்டுறவு சங்கத் தலைவர். எங்கள் பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த புரவலர். மூன்று இறக்கையிலும் அவர் பெயர் எழுதியிருப்பதால், ஃபேனை ஓடவிட்டால்தான் நிம்மதி. நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைப் பாராட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"பாப்பா காலைல வாக்கிங் போகுதாம்ல, ரத்தினம். நல்லதுதான். பாத்துப் போகச் சொல்லு. வண்டிக் கண்ணாடி வெலையெல்லாம் இப்ப கூடிப்போச்சு."

அப்பா "சரிங்கண்ணே" என்றார். தங்கராசு போன பிறகும் அப்பா நாற்காலியையே பார்த்தபடி நின்றிருந்தார். பிறகு கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

அம்மா அடுப்படியில் பாத்திரம் விளக்கியபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "நீ ஒம்போதாவது படிக்கையில, அப்பா படியில வழுக்கி விழுந்துட்டார்னு சொன்னோம்ல. விழுகல. காலனியில நிறுத்தி ஆள ஏத்துனார்னு இந்த ஆளுதான் அறைஞ்சான். ஓடுற பஸ்ஸுல, அத்தன பேரு முன்னாடி. அன்னைலருந்துதான் நிறுத்துறதில்ல."

"போலீஸ்ல சொல்லலையா?"

"சாட்சி சொல்ல ஒருத்தன் வரல."

அந்த வாரம் அப்பாவின் கன்னத்துக்கு ஐஸ் வைத்தது நான்தான். படியில் விழுந்தால் கன்னத்தில் எப்படி விரல் மாதிரித் தடம் வரும் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அறிவியலில் எனக்கு எப்போதும் மார்க் குறைவு.

ஜூலை 28, திங்கள்

போகாதே என்று யாரும் சொல்லவில்லை. போய் நின்றேன்.

இரண்டு விசில். அப்பா மறுபக்கம் திரும்பி யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். புழுதி அடங்கியதும் எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். நானும் நடந்தேன். பைபாஸுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கிறது என்பது காலுக்குத் தெரிந்தது.

சுகிர்தா ஒன்றும் குத்திக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் பதில் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும். பாதி வழியில் அவளுடைய அக்காவைப் பற்றிக் கேட்டேன். எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த பெண், நன்றாகப் பாடுவாள்.

"பத்தாவதோட நின்னுட்டா."

"ஏன்?"

"பஸ்ஸு நிக்கல. அவ நின்னுட்டா."

பள்ளிக்குள் நுழையும்போது பிரேயர் முடிந்திருந்தது. பி.இ.டி. சார் லேட்டாக வந்தவர்கள் வரிசையில் என்னைப் பார்த்து, "நீ எப்படிம்மா இவங்களோட?" என்றார். வெயிலில் நின்றபோது யோசித்துப் பார்த்தேன். நல்ல கேள்விதான்.

ஆகஸ்ட் 2, சனி

முகிலனிடம் சொல்லிவிட்டேன். பச்சை மைப் பேனாவை மூடி வைத்தான்.

"உங்க அப்பாவ சஸ்பெண்ட் பண்ணிருவாங்க கௌசி. வேற டாபிக் எடுத்துருவோம். பிளாஸ்டிக் இன்னும் யாரும் எடுக்கல."

கலெக்டருக்கு நல்ல மனசு. அவனைத் திட்ட முடியவில்லை.

எட்வின் சாரும் எங்கள் அறிக்கையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "அருமை, அருமை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காலனிங்கிற வார்த்தைய மட்டும் எடுத்துருவோம். சென்னையிலருந்து டைரக்டர் மேடம் வர்றாங்க. உள்ளூர் புரவலர்களும் வர்றாங்க. யாரையும் காயப்படுத்தாம சொல்றதும் தலைமைப் பண்புதான்" என்றார். தலைப்பையும் மாற்றிவிட்டார்: 'கிராமப்புறப் போக்குவரத்து: சவால்களும் வாய்ப்புகளும்.'

சுகிர்தா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "சார், இதுல நாங்க எங்க இருக்கோம்?" என்று கேட்டாள்.

சார் மழைக் கைதட்டலுக்கு ஏற்பாடு செய்தார்.

ஆகஸ்ட் 9, சனி

மக்கள் மன்றம்.

முதல் வரிசையில் டைரக்டர் மேடம், பஸ் டிப்போவின் கிளை மேலாளர், தலைமையாசிரியை, புரவலர் தங்கராசு. எல்லோருக்கும் பொன்னாடை. பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று மூன்று குழுக்கள் பேசின. மேடையில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர்.

எங்கள் குழுவுக்காகச் சுகிர்தா பேசினாள். சார் திருத்திக் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே பேசினாள். பஸ் நிற்காததையும், நடப்பதையும், வெயிலில் நிற்பதையும், அக்காவையும் சொன்னாள். 'காலனி' என்ற வார்த்தையை ஒவ்வொரு தடவையும் சத்தமாகச் சொன்னாள்.

மேலாளர் மைக்கை வாங்கினார். "பாப்பா, ரொம்ப தைரியமா பேசுன. எந்தக் கண்டக்டர்? பேரச் சொல்லு, இப்பவே ஆக்‌ஷன் எடுக்கிறேன்."

சுகிர்தா கையிலிருந்த தாளை இன்னொரு தடவை மடித்தாள்.

"பேரு தெரியாது சார்."

"பேரு தெரியாம எப்படிம்மா விசாரிக்கிறது? டைமிங் பிரச்சினையா இருக்கும். பாக்கச் சொல்றேன்." மைக்கைக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான், முடிந்தது. எட்வின் சார் ஒரு விரலைத் தூக்கிக் கைதட்டலுக்குத் தயாரானார்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ரத்தினவேல் சார். கண்டக்டர். எங்க அப்பா."

மேலாளர் மறுபடி மைக்கை எடுப்பதற்குள் தொடர்ந்தேன்.

"முன்னாடி நிறுத்திட்டுத்தான் சார் இருந்தாரு. அங்க ஆள ஏத்துனார்னு அவர பஸ்ஸுக்குள்ளயே வச்சு அடிச்சாங்க. அன்னைக்கு டிப்போவுல யாரும் என்ன ஏதுன்னு கேக்கல. அவரு மேல ஆக்‌ஷன் எடுங்க, தப்புதான். ஆனா அடிச்சவங்க மேலயும் எடுங்க. இல்லன்னா நாளைக்கு வர்ற கண்டக்டரும் ரெண்டு விசில்தான் சார் அடிப்பாரு."

"யாரும்மா அடிச்சது?"

பேரை நான் சொல்லவில்லை. முதல் வரிசையைப் பார்த்தேன். அங்கே ஒருவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

யாரும் கை தட்டவில்லை. தூறல்கூட இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிப்போவிலிருந்து அப்பாவுக்கு நேற்றே போன் வந்துவிட்டது. நாளை டூட்டி முடிந்ததும் நேரில் போய் விளக்கம் சொல்ல வேண்டும். என்னிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. நான் சட்டையை எடுத்து இஸ்திரி போடப் போனேன். அவர் அதை வாங்கித் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எங்கள் ஊரில் ஏறினேன். நான் காலனியில் நின்றால் அது எனக்காக நின்ற பஸ் ஆகிவிடும். வழக்கமாகக் காரில் போகிற தங்கராசுவும் இன்று பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார்.

காலனி நெருங்கியது. அப்பா விசிலை வாயில் வைத்தார். ஒன்று.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். வண்டி நின்றது.

"என்ன ரத்தினம், புதுப் பழக்கம்?" என்றார் தங்கராசு.

"ஸ்டாப்புண்ணே."

"இங்க நின்னா நான் எறங்கிருவேன், பாத்துக்க."

அப்பா படியை விட்டு விலகி வழி விட்டார். "எறங்குங்கண்ணே. ஸ்டாப்புதான்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். தங்கராசு இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு ரொம்ப நேரம் ஆகும். பிள்ளைகள் ஏறி முடிக்கும்வரை அப்பா காத்திருந்து இரண்டு விசில் அடித்தார். பிறகு முன் சீட்டுக்குப் போய்த் தங்கராசுவுக்கு டிக்கெட் கிழித்ததை இடது பக்க சீட்டிலிருந்து பார்த்தேன்.

என் வாய் எங்கிருந்து வந்தது என்று டீச்சர் அடிக்கடி கேட்பார். இனிமேல் பதில் சொல்லலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்று சாயங்காலம் ஊர் எல்லையில் பஸ்ஸின் பின்கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. அப்பா வீட்டுக்கு வராமல் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தார். கல்லுக்கு மட்டும் இல்லை, அந்தப் பழைய அறைக்கும் சேர்த்து, பேர் சொல்லி. இந்தத் தடவை டிரைவர் சாட்சிக்குப் போயிருக்கிறார்.

அம்மா பயத்தில் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பொய். நானும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பயிற்சியின் நிறைவு விழாவும் இன்றே. சிறந்த செயல்திட்டத்துக்கான பரிசு பிளாஸ்டிக் குழுவுக்கு. எங்களுக்குப் 'பங்கேற்புச் சான்றிதழ்'. நாங்கள் பங்கேற்றோம் என்பதை யாரும் மறுக்கவில்லை. புரவலர் வரவில்லை, உடல்நலக் குறைவாம்.

எட்வின் சார் மட்டும் கிளம்பும்போது எங்களிடம் வந்தார். ஏதோ சொல்ல நினைத்துச் சொல்லாமல், பையிலிருந்த ஸ்கெட்ச் பேனாக்களை அப்படியே சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அப்பாவுக்கு மெமோ கொடுத்துக் கண்டித்திருக்கிறார்கள், வேலைக்கு ஆபத்தில்லை. புகாரை வாபஸ் வாங்கச் சொல்லித் தினமும் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள். அப்பா அவர்களுக்கு டீ மட்டும் கொடுத்து அனுப்புகிறார். மக்கள் மன்றத்துக்குப் பிறகு என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

இன்று காலை பதினாலு பி வந்தது. பின்கண்ணாடி இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தார்கள். உட்கார இடமில்லை, படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கூட்டத்துக்குள் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த அப்பா, எனக்கு முன்னால் நின்று கையை நீட்டினார்.

"பாஸ்?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பாஸ் கேட்டதே இல்லை.

"அப்பா, நான்தான்."

"தெரியுது. பாஸ எடு."

பையைக் கவிழ்க்காத குறையாகத் தேடி எடுத்துக் கொடுத்தேன். போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குள் காலனி வந்துவிட்டது. ஒரு விசில் அடித்தார். வெளியே சுகிர்தா கையைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் எல்லோரும்.

அப்பா பாஸை என் கையில் வைத்து, தோளைப் பிடித்து மெல்லத் தள்ளினார்.

"உள்ள தள்ளி நில்லும்மா. ஆள் ஏறணும்."